நூற்றுப் பதினெட்டுக் கோடுகள்

நாணய மெய்ப்பிப்பு மன்றத்திலிருந்து வந்த கடிதத்தில் மூன்று வாக்கியங்கள் இருந்தன. ஷாரர்டவுன் அருங்காட்சியகம் அனுப்பிய 1806ஆம் ஆண்டின் வெள்ளிக் கால் டாலரை மன்றத்தின் விளிம்புப் பிரிவு ஆராய்ந்தது என்பது முதலாவது. அந்த நாணயம் போலி என்பது இரண்டாவது. தன் முடிவுகளுக்குக் காரணம் கூறும் வழக்கம் மன்றத்துக்கு இல்லை என்பது மூன்றாவது. மூன்றாவது வாக்கியம் மட்டும் சற்றுப் பெரிய எழுத்தில் அச்சிடப்பட்டிருந்தது.

கடிதம் வந்த நான்காம் நாள் லோர்னா லைன்பாக் கைது செய்யப்பட்டாள். அருங்காட்சியகத்தின் கண்ணாடிப் பெட்டிச் சாவி இருபத்தாறு ஆண்டுகளாக அவளிடம் இருந்தது. வேறு எவரிடமும் இருந்ததில்லை. 1931இல் நன்கொடையாக வந்தபோது பதிவேட்டில் ‘உண்மை’ என்று எழுதப்பட்ட நாணயம் 1993இல் போலியாக இருக்கிறதென்றால், இடையில் யாரோ மாற்றியிருக்க வேண்டும் என்று அரசு வழக்கறிஞர் கெயில் ஸ்ட்ரிக்லர் முடிவு செய்தார். பதிவேட்டில் எழுதியவர் நாணயத்தைப் பற்றி என்ன அறிந்திருந்தார் என்று யாரும் கேட்கவில்லை. அவர் இறந்துவிட்டார்; அவருடைய கையெழுத்து மிக அழகாக இருந்தது.

ஸ்ட்ரிக்லர் கொடியவர் அல்லர். லோர்னாவின் அண்ணன் ஓரினை எதிரில் உட்காரவைத்து அவரே விளக்கினார்.

“மன்றம் முடிவ மாத்திக்கிட்டா இன்னிக்கே வழக்கக் கைவிட்டுடறேன், ஓரின். மாத்தலன்னா உங்க தங்கச்சிக்கு நாலு வருஷம். விசாரணைக்கு மூணு வாரம் இருக்கு. எனக்கு உங்க தங்கச்சி மேல ஒரு கோபமும் கிடையாது.”

“காச நீங்க பாத்தீங்களா?”

“எதுக்கு? கடிதம் இருக்கே.”

நாணயத்தை அருங்காட்சியகக் குழுவினர் ஒரு பழைய உறையில் போட்டு ஓரினிடமே கொடுத்துவிட்டார்கள். போலிப் பொருளுக்கு ரசீது எழுதுவது குழுவின் கௌரவத்துக்கு ஒவ்வாது என்று கருதியதால் ரசீதும் கேட்கவில்லை.

பிணையில் வந்திருந்த லோர்னா, சமையலறையில் மேலங்கியைக் கழற்றாமலேயே உட்கார்ந்திருந்தாள்.

“அது நம்ம காசுதான், ஓரின். அந்தப் பெட்டிய விட்டு எங்கயும் போனதில்ல. வாராவாரம் நான்தான் துடைப்பேன். அது மாறியிருந்தா எனக்குத் தெரியாதா?”

“அப்ப நான் போயிச் சொல்லிட்டு வரேன்.”

“யார்கிட்ட சொல்லுவ?”

“யாரு காது குடுக்கறாங்களோ அவங்ககிட்ட.”

“கத்தாத. நீ கத்தினா எனக்குத்தான் கெட்ட பேரு.”

ஃபிலடெல்ஃபியா செல்லும் பேருந்தில் ஓரின் முதன்முறையாக அந்த நாணயத்தைக் கையில் எடுத்துப் பார்த்தான். முகத்தில் இருந்த பெண்ணும் பின்புறத்துக் கழுகும் அவனுக்கு ஒன்றும் சொல்லவில்லை. விளிம்பில் நெருக்கமாக ஓடிய குறுக்குக் கோடுகளின் மீது கட்டைவிரல் நகத்தை ஓட்டினான். நகம் ஓரிடத்தில் தடுக்கியது. நேர் எதிர்ப்பக்கத்தில் மறுபடியும் தடுக்கியது. அந்த இரண்டு இடங்களிலும் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குழம்பிக் கிடந்தன.

அவனுக்குச் சிரிப்பு வந்தது. திருகாணித் தொழிற்சாலையில் முப்பத்தெட்டு ஆண்டுகளாக மரை உருட்டும் இயந்திரத்தில் நிற்பவன் அவன். இரண்டு எஃகுத் தகடுகள், ஒன்று அசையாதது, ஒன்று நகர்வது. இடையில் கம்பியை விட்டால் அது உருண்டுகொண்டே மரையை வாங்கிக்கொள்ளும். தகடுகள் மயிரிழை பிசகினால், தொடங்கிய இடமும் முடிந்த இடமும் பொருந்தாமல் மரை மரைமேல் ஏறும். அப்படி ஏறிய திருகாணிகளை அவன் வாளி வாளியாகக் கொட்டியிருக்கிறான். அந்தக் காலத்துக் காசுக்கும் முகம் அடிப்பதற்கு முன்பே விளிம்பை இப்படித்தான் உருட்டினார்கள். ஓரத்தைச் சுரண்டி வெள்ளி திருடுகிறவர்களுக்கு எதிராகப் போட்ட வேலி அது. லோர்னா எழுதிய அருங்காட்சியகக் கையேட்டிலேயே இது இருந்தது. இரண்டு தகடு, அரைச் சுற்று உருட்டல், ஆகவே கோடுகள் வந்து சந்திக்கும் இரண்டு மூட்டு. வளையத்துக்குள் காசை வைத்து முகத்தையும் விளிம்பையும் ஒரே அடியில் அடிக்கும் முறை இருபது ஆண்டுகளுக்கும் மேல் கழித்தே வந்தது.

கையில் இருப்பது உண்மை என்பதைப் பத்து நிமிடத்தில் யாருக்கும் காட்டிவிடலாம் என்று அவன் நம்பினான். அவன் அதுவரை எந்த மன்றத்துக்கும் சென்றதில்லை.

வரவேற்பில் ஓபல் டன்லப் என்ற பெண்மணி இருந்தார். மிகவும் அன்பானவர்.

“பேழை எங்க, சார்?”

“என்ன பேழை?”

“மேல்முறையீட்டுக்கு வர்ற காசு, மூடி முத்திரை வச்ச பிளாஸ்டிக் பேழையில இருக்கணும்.”

“அத யாரு போடுவாங்க?”

“நாங்கதான். உண்மையான காசுக்குப் போட்டுக் குடுப்போம்.”

“இதத்தான் போலின்னுட்டீங்களே.”

“அதனாலதான் போடல.”

“அப்ப மேல்முறையீடு யாருதாம்மா செய்ய முடியும்?”

“உண்மைன்னு சான்று வாங்கினவங்க. இதுவரைக்கும் ஒருத்தரும் செஞ்சதில்ல, சார். அவ்வளவு திருப்தி.”

இருந்தாலும் அவர் இழுப்பறைகளைத் துழாவி, ‘போலிக்கான தற்காலிகப் பேழை’ என்ற படிவத்தைக் கண்டுபிடித்துத் தந்தார். ஒரு மணி நேரத்தில் நாணயம் தடித்த பிளாஸ்டிக்குக்குள் பதிந்து திரும்பி வந்தது. பெண்ணின் முகம் தெரிந்தது, கழுகு தெரிந்தது. விளிம்பைப் பிளாஸ்டிக் சுற்றிலும் கவ்வியிருந்தது.

“விளிம்பு தெரியலயே?”

“பத்திரமா இருக்கு, சார்.”

“விளிம்பப் பத்தித்தானே வழக்கே!”

“அதனாலதான் அதுக்கு இவ்வளவு பத்திரம்,” என்றார் ஓபல் டன்லப்.

மேல்முறையீட்டு விசாரணை பிற்பகலுக்கு ஒதுக்கப்பட்டிருந்ததால், அதுவரை எண்ணும் கூடத்தைப் பார்வையிட அவனுக்கு அனுமதி கிடைத்தது. அங்கே பன்னிரண்டு பேர் ஒருவருக்கொருவர் முதுகைக் காட்டி உட்கார்ந்து, உருப்பெருக்கியின் கீழ் விளிம்புக் கோடுகளை எண்ணிக்கொண்டிருந்தார்கள். ஓரினின் நாணயத்தை எண்ணியவர் நீல் ப்ரூசார் என்ற மெலிந்த மனிதர். தன் பணி பற்றிக் கேட்க ஓர் ஆள் வந்ததில் அவர் மகிழ்ந்து போனார்.

“1806 கால் டாலர்னா நூத்திப் பதினெட்டுக் கோடு இருக்கணும். ஒண்ணு கூடக் கூடாது, கொறையக் கூடாது. மூணு பேரு தனித்தனியா எண்ணுவோம்.”

“என் காசுக்கு எவ்வளவு வந்துச்சு?”

“நூத்திப் பதினாலு. ரெண்டு எடத்துல எண்ணவே முடியல. கோடு மேல கோடு ஏறிக்கிடக்கு. எங்க மூணு பேரையும் கண் டாக்டர்கிட்ட அனுப்பினாங்க. ஒரு தரம் இல்ல, மூணு தரம். கண்ணு நல்லாத்தான் இருக்குன்னு அவரு எழுதிக் குடுத்துட்டாரு. அதுக்கப்பறம்தான் காசுதான் சரியில்லன்னு முடிவாச்சு.”

“இந்த நூத்திப் பதினெட்டு எங்கேர்ந்து வந்துது?”

ப்ரூசார் எழுந்து நின்று சுவரைக் காட்டினார். கூடத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை, இருபதடி நீளத்தில், ஒரு புகைப்படம் மாட்டப்பட்டிருந்தது. மற்ற 1806 காசுகளை ஒப்பிட்டுப் பார்க்க மன்றம் வைத்திருக்கும் அடையாளக் காசைப் பேழைக்குள் மூடுவதற்கு முன், 1957இல், அதன் விளிம்பை முழுச்சுற்றாக எடுத்த படம். ஒவ்வொரு கோட்டின் கீழும் எண் எழுதியிருந்தது. எண்ணுகிறவர்கள் காலையில் வந்ததும் அதன் எதிரில் ஒரு கணம் தலை குனிந்துவிட்டு இருக்கைக்குச் செல்வார்களாம்.

ஓரின் ஒன்றாம் கோட்டிலிருந்து நூற்றுப் பதினெட்டாம் கோடு வரை நடந்தான். திரும்பி நடந்து வந்தான். மூன்றாம் முறை மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நடந்தான். மூட்டு இல்லை. எங்கும் இல்லை. சீப்பின் பற்களைப் போல ஒரே சீராக இருந்தன.

“இது உருட்டினதே இல்லயே,” என்றான்.

“சார், கொஞ்சம் மெதுவா.”

“வளையத்துல வச்சு அடிச்சிருக்கான். 1806ல ஏது வளையம்? உங்க அடையாளக் காசுதான்யா போலி! உங்களுக்கு இது தெரியலயா?”

ப்ரூசார் தம் இருக்கைக்குத் திரும்பி உருப்பெருக்கியைச் சரிசெய்துகொண்டார். “நான் எண்ணறவன் மட்டும்தான், சார். பாக்கறது வேற பிரிவு.”

விசாரணைக்கு மன்றத் தலைவர் வெண்டல் ஹாதர்லியும் உறுப்பினர் நால்வரும் வந்தார்கள். ஓரினின் பேழை ஒரு பச்சைத் துணித் திண்டின் மேல் வைக்கப்பட்டு ஒவ்வொருவர் முன்பாகவும் கொண்டுசெல்லப்பட்டது. ஒவ்வொருவரும் பிளாஸ்டிக்கை உற்று நோக்கிவிட்டுத் தலையசைத்தார்கள். பிறகு ஓரின் பேசினான். கத்தவில்லை. இரண்டு பென்சில்களைத் தகடுகளாகவும் தன் கோட்டுப் பொத்தானைக் காசாகவும் வைத்து உருட்டிக் காட்டினான். அவர்கள் முழுவதையும் கேட்டார்கள். இடைமறிக்காமல் கேட்பது மன்றத்தின் பெருமைகளுள் ஒன்று.

ஹாதர்லி கைகளைக் கோத்துக்கொண்டார்.

“நீங்க சொன்னது ரொம்பத் தெளிவா இருந்துச்சு, மிஸ்டர் லைன்பாக். எழுபத்தி நாலுல எங்க ஆளு ஒருத்தரும் இதேதான் சொன்னாரு. இவ்வளவு தெளிவாச் சொல்லல.”

“அப்ப உங்களுக்குத் தெரியும்!”

“தெரிஞ்சுக்கிறது தனி மனுஷங்க வேலை. மன்றம் முடிவுதான் செய்யும். இப்படிப் பாருங்க. காசு பொய் சொல்லலாம். காசு வச்சிருக்கறவனும் பொய் சொல்லலாம். மன்றம் பொய் சொன்னா அத யாரு சோதிக்கிறது? யாரும் இல்ல. அதனால மன்றம் பொய் சொல்றதில்ல. அந்த அடையாளக் காச வச்சு இருநூத்திப் பன்னண்டு காச உண்மைன்னு சொல்லியிருக்கோம். முன்னூத்தி நாப்பது காசப் போலின்னு தள்ளியிருக்கோம். நீங்க சொல்றது சரின்னா அத்தனையும் தலைகீழ். அத்தன பேருக்கும் மன்னிப்புக் கடிதம் எழுதணும். எங்ககிட்ட அதுக்குப் படிவமே கிடையாது.”

“1806ல செஞ்சவன் இப்படித்தான் செஞ்சிருக்கான், ஐயா. அவன் கையில இப்படித்தான் வந்துது.”

“அவன் பிசகாச் செஞ்சிருக்கான். எங்க அளவு அவனுக்குத் தெரிஞ்சிருக்க வழியில்ல. அதுக்காக நாங்க அவனக் குறை சொல்லல.”

“என் தங்கச்சி ஜெயிலுக்குப் போவா.”

ஹாதர்லியின் முகத்தில் உண்மையான வருத்தம் படர்ந்தது. “அதையும் யோசிக்காம இல்ல. ஒரு பக்கம் ஐநூத்தி அம்பத்திரண்டு பேரு. இன்னொரு பக்கம் ஒருத்தங்க. நீங்களே எங்க எடத்துல இருந்தா என்ன செய்வீங்க?”

அவர் பதிலுக்காகக் காத்திருந்தார். ஓரின் பொத்தானை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டான். பேழையின் மேல் ‘போலி, மேல்முறையீட்டிலும்’ என்ற சிவப்புச் சீட்டை ஒட்டித் திருப்பிக் கொடுத்தார்கள்.

சனிக்கிழமை மதியம் அவன் தன் கார்க் கொட்டகையின் கதவைச் சாத்திக்கொண்டு, வானொலியில் பேஸ்பால் ஆட்டத்தை வைத்துவிட்டு, பேழையை இடுக்கியில் கொடுத்து உடைத்தான். ஓர் எஃகு வளையத்தை எடுத்து உள்வட்டத்தில் பற்களை வெட்டத் தொடங்கினான். நூற்றுப் பதினெட்டுப் பற்கள். ஞாயிறு மதியம் வளையத்தைக் காய்ச்சி எண்ணெயில் தோய்த்துக் கடினமாக்கினான். அதன்பின் நாணயத்தைக் கடைசல் இயந்திரத்தில் பொருத்தி, விளிம்பிலிருந்து தலைமயிரின் கனத்துக்கு ஒரு சுற்றுச் சீவினான்.

சீவும்போது இரண்டு இடங்களில் உளி லேசாகத் துள்ளியது. அடுத்த சுற்றில் துள்ளவில்லை. லோர்னா திருடவில்லை என்பதற்கு இந்த உலகில் இருந்த ஒரே சாட்சியம் வெள்ளிச் சுருளாக ஒரு பழைய செய்தித்தாளில் விழுந்தது. அவன் நாணயத்தை வளையத்துக்குள் வைத்து அழுத்தினான். வெளியே வந்தபோது அது சீப்பின் பற்களைப் போல இருந்தது. ஒரு குறையும் சொல்ல முடியாது. கோடுகளில் பழுப்பேறுவதற்காகக் கரியும் மெழுகும் தேய்த்துவிட்டுச் செய்தித்தாளைச் சுருட்டிக் குப்பையில் போட்டான்.

திங்களன்று புதிய விண்ணப்பம் ஒன்றில் தன் பெயரை எழுதி அதை மன்றத்துக்கு அனுப்பினான். வியாழக்கிழமை ஹாதர்லியே தொலைபேசியில் அழைத்தார். குரல் தழுதழுத்தது.

“மூணு பேரும் நூத்திப் பதினெட்டு, மிஸ்டர் லைன்பாக். மூணு பேரும் முதல் தடவையிலேயே! இப்படி ஒரு விளிம்ப நான் பாத்ததே இல்ல. எங்க அடையாளக் காசவிட நல்லா இருக்குன்னு சொன்னா மிகையில்ல.”

அன்று பிற்பகலே ஓரின் சான்றிதழையும் பேழையையும் ஸ்ட்ரிக்லரின் மேசைமேல் வைத்தான்.

“மன்றம் முடிவ மாத்திடுச்சு.”

ஸ்ட்ரிக்லர் இரண்டு முறை படித்தார். “மாத்தலயே. அது போலி. இது உண்மை. ரெண்டு கடிதம், ரெண்டு காசு.”

“ரெண்டும் ஒண்ணுதாங்க.”

“அப்படின்னா மன்றம் ஒரே காசப் போலின்னும் உண்மைன்னும் சொல்லியிருக்கணும். சொல்லுவாங்களா?” அவர் நாற்காலியில் சாய்ந்தார். “இந்த வட்டாரத்துல காணாமப் போன உண்மையான 1806 ஒண்ணே ஒண்ணுதான், ஓரின். அது உங்க கையில எப்படி வந்துச்சு?”

இந்தக் கேள்வி தனக்கு ஏன் முன்பே தோன்றவில்லை என்பது ஓரினுக்கு விளங்கவில்லை. கோடுகள் சரியானால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்திருந்தான். மன்றத்தில் ஒரே ஒரு நாள் இருந்ததற்கே அந்தப் பழக்கம் தொற்றியிருந்தது.

“குழு உங்ககிட்ட குடுத்த அந்தப் போலி எங்க?”

“அது இல்ல.”

“சாட்சியத்த அழிச்சதா எழுதிக்கட்டுமா?” அவர் பேனாவை எடுக்காமல், சற்றுத் தாழ்ந்த குரலில் தொடர்ந்தார். “பாருங்க, ரெண்டு பேரும் சேந்து செஞ்சதுன்னா சதி. ஆளுக்கு ஏழு வருஷம். ஒருத்தர் மட்டும்னா, பொருளத் திருப்பிக் குடுத்ததயும் கணக்குல எடுத்து, மூணோட முடிச்சிடலாம். நிதானமா யோசிங்க. காபி குடிக்கிறீங்களா?”

“நான் மட்டும்தான்,” என்றான் ஓரின்.

“பாலு போடவா?”

நீதிமன்றத்தில் சத்தியம் செய்தபின், கடைசியாக ஒரு முறை, அவன் நடந்ததை நடந்தபடி சொன்னான். வளையம், பற்கள், சீவல், எல்லாவற்றையும். நீதிபதி ஹாதர்லியை நிபுணராக அழைத்துக் கேட்டார். இன்று உயிரோடிருக்கும் எவனுடைய கைக்கும் இந்த நேர்த்தி வராது என்று ஹாதர்லி சத்தியம் செய்து கூறினார். முப்பத்தெட்டு ஆண்டுகளில் ஓரினின் வேலையை ஒருவர் பாராட்டியது அதுவே முதல் முறை. வளையத்தைக் கொண்டுவந்து காட்டவா என்று அவன் கேட்டான். நீதிமன்றத்தை அவமதிக்கவேண்டாம் என்று நீதிபதி எச்சரித்தார். அவனுடைய வாக்குமூலம் குறிப்பிலிருந்து நீக்கப்பட்டது. பின்னர் ஸ்ட்ரிக்லர் எழுதிக்கொடுத்ததை அவன் வாசித்தான்: தங்கை தேவாலயத்துக்குச் சென்றிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை சாவியை எடுத்தேன். எந்த ஆண்டின் ஞாயிறு என்று எழுதியிருக்கவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. லோர்னாவின் மீதான வழக்கு தள்ளுபடியானது. மறுவாரமே அவளுக்கு வேலையும் சாவியும் திரும்பக் கிடைத்தன.

அவள் அவனைப் பார்க்கச் சிறைக்கு வர நான்கு மாதங்களாயின. மேசைக்கு எதிரில் மேலங்கியோடு உட்கார்ந்தாள். வீட்டுக் கூரையைப் பற்றிச் சொன்னாள். தக்காளியைப் பற்றிச் சொன்னாள். பிறகு கையுறைகளைக் கழற்றி மேசைமேல் வைத்தாள்.

“கோர்ட்டுல மொதல்ல ஒண்ணு சொன்னியே, சீவினேன், அழுத்தினேன்னு. ஒரு நிமிஷம் நம்பிட்டேன், ஓரின். அப்பறம் மிஸ்டர் ஹாதர்லி பேசினாரு.”

“ம்.”

“நான் உன்ன ஏன் எடுத்தன்னு கேக்கல. கடவுள் சாட்சியா கேக்க மாட்டேன். ஆனா எப்பன்னு மட்டும் எனக்குத் தெரியணும். எத்தன வருஷமா நான் போலியத் துடைச்சிக்கிட்டு இருந்தேன்?” அவள் குரல் உடைந்தது. “ரெண்டு எடத்துல கோடு ஏறிக் கெடக்கும். எவனோ ஒரு ஏழை அவசரமா உருட்டியிருக்கான் பாருங்கன்னு பிள்ளைங்களுக்கெல்லாம் காட்டுவேன். அதத்தான் அழகுன்னு நெனச்சிருக்கேன். என்ன ஒரு முட்டாள் நான்!”

ஓரின் அவளைப் பார்த்தான். உண்மையைச் சொன்னால் அவள் நம்புவாள். இந்த முறை ஹாதர்லி அருகில் இல்லை. நம்பினால் இன்று மாலையே உட்கார்ந்து மன்றத்துக்கும் ஸ்ட்ரிக்லருக்கும் நீதிபதிக்கும் கடிதம் எழுதுவாள். பொய்யோடு ஓர் இரவு படுத்து அவளுக்குப் பழக்கமில்லை. கடிதங்கள் போய்ச் சேரும். அப்போது அது சதியாகும், ஆளுக்கு ஏழு ஆண்டு.

“பத்து வருஷம் இருக்கும்,” என்றான்.

லோர்னா உதடசையக் கணக்குப் போட்டாள். கையுறைகளை எடுத்து மடியில் வைத்து நீவினாள்.

“அப்ப பதினாறு வருஷம் உண்மையானதத்தான் துடைச்சிருக்கேன்.”

“ஆமா.”

“பதினாறு வருஷம்,” என்றாள் அவள். நான்கு மாதங்களில் முதன்முறையாக அவள் முகம் தெளிந்தது. “அது ஒண்ணும் கொறச்சல் இல்லல்ல?”

“இல்ல,” என்றான் ஓரின். “கொறச்சல் இல்ல.”